ஆற்றுவாயும் ஊர்வாயும்

ஐப்பசி பிறந்து கீழ்வானம் கறுக்கத் தொடங்கியதும் மட்டக்களப்பு நாட்டில் இரண்டு வாய்கள் விழித்துக்கொள்ளும். ஒன்று ஆற்றுவாய், மற்றது ஊர்வாய். வாவி நீர் கடலிற் சேரவேண்டிய முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்க, 'உடனே வெட்டுங்கள்' என்று ஒரு சாராரும், 'சற்றுப் பொறுங்கள்' என்று மற்றொரு சாராரும் குரல் எழுப்புவர். ஆற்றுவாயை மணல் மூடும். ஊர்வாயை மூடவோ உலைமூடி இல்லை. தை கழிந்து மழை விட்டதும் இரண்டு வாய்களும் அடங்கிவிடும். அடுத்த ஐப்பசி வரும்வரை அதனை நினைப்பார் இலர். ஆண்டுதோறும் எழுந்து ஆண்டுதோறும் அடங்குகின்ற இந்தப் பேச்சையே இவ்வாரம் நம் வாசகக் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

மட்டக்களப்பு என்றவுடன் வெளியூர் அன்பர்கள் பாடும் மீனைப் பற்றியே விசாரிப்பர். வாவி பாடுவதை உலகம் அறியும். அது சினந்தெழுவதை அதன் கரையில் வாழும் மக்களே அறிவர். அச்சினத்துக்கு வானமே காரணம் என்று சொல்லி இருந்துவிடுதல் எளிது. ஆயினும், சிறிது ஆராய்ந்து பார்த்தால், வெள்ளம் என்பது மழை, குளம், தாழ்நிலம், ஆற்றுவாய் என்னும் நான்கும் சேர்ந்து எழுதும் கணக்கு என்பது விளங்கும். முதலாவது இறைவன் கையில் உள்ளது. ஏனைய மூன்றும் பெரும்பாலும் நமது கையில் உள்ளவை. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்து எண்ணாமல், மார்கழி மாதத்தில் ஆற்றுவாய் ஒன்றை மட்டும் பற்றி வாதிடுவதே நமது குறை என்பது எமது கருத்து.

முதலில் நாட்டின் அமைப்பை நோக்குவோம். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை, கடலுக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி நீண்டு கிடக்கிறது. அதன் பரப்பை 140 முதல் 160 சதுர கிலோமீற்றர் வரை எனப் பலவாறாகக் கணிப்பர். நீளம் இவ்வளவாயினும் ஆழம் மிகக் குறைவு. 'மட்டமான களப்பு' என்பதே மட்டக்களப்பு ஆயிற்று என்று பெயர்க்காரணம் கூறுவோரும் உளர். வாவிக்குக் கிழக்கே ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றிட்டு. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று வீடுகள் நெருங்கிய ஊர்கள் அதன்மீது வரிசையாக அமைந்துள்ளன. படுவான்கரையோ பரந்த வயல்வெளி. நெல்லும் மாடும் அதன் செல்வம். சோறு ஒரு கரையில் விளைய, அதனை உண்போருட் பெரும்பகுதியினர் மறுகரையில் வாழ்கின்றனர். ஆதலால் ஒரு கரையின் நட்டம் மறுகரையின் உலையிலும் தெரியும்.

இனி வாவிக்கு நீர் வரும் வழிகள். மேற்கே உன்னிச்சைக் குளத்திலிருந்து வழியும் நீர் மண்முனை மேற்கு நிலங்களூடாக இறங்குகிறது. தெற்கே நவகிரிப் பக்கத்து நீரும், கல்லோயாத் திட்டத்து இடதுகரை வயல்களின் வடிநீரும் வந்து சேர்கின்றன. வடக்கே உறுகாமம், கித்துள் ஆகிய குளங்களின் பக்கமாக வரும் முந்தனையாறு, மாரியிற் பெருகிச் சித்தாண்டி, கிரான் முதலிய ஊர்களின் தாழ்நிலங்களிற் பரந்துவிடும். வரும் வழிகள் இவ்வாறு பலவாக, வாவி நீர் கடலுக்குப் போகும் வாய்களோ இரண்டே. ஒன்று நகரத்துக்கு அருகே, கலங்கரை விளக்கம் நிற்கும் பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம். மற்றது தெற்கே கல்லாற்றுப் பக்கத்து முகத்துவாரம். பல வாசல்களால் விருந்தினர் நுழைய, இரண்டே வாசல்களால் வெளியேற வேண்டிய கலியாண வீட்டை ஒத்தது நமது வாவி. அவ்விரண்டு வாசல்களும் பூட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்கள் இவ்விடத்தில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீராகும். ஒரு சதுர கிலோமீற்றரில் அதே மழை 1,000 கனமீற்றர். இப்போது, வாவிக்கு நீர் தரும் நிலத்தில் 1,000 சதுர கிலோமீற்றரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்ததாகக் கொள்வோம். நமது மாரியில் அது கேட்டறியாத மழையன்று. கிடைக்கும் நீர் 10 கோடி கனமீற்றர். வாவியின் பரப்பை 150 சதுர கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்நீர் முழுதும் உள்ளே வந்து ஒரு துளியும் வெளியேறாதபோது வாவி இரண்டடிக்கு மேல் உயரும். பாதியை நிலம் குடித்துவிட்டது என்றாலும் ஓரடிக்கு மேல் உயர்வது உறுதி. மார்கழியில் நிலம் முன்பே ஊறிக் கிடப்பதால், அது பாதியைக் குடிக்கும் என்று நம்பவும் இயலாது. வாவிக்கரை வயலின் வரம்புக்கும் வாவியின் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு பல இடங்களில் அந்த ஓரடி, இரண்டடிதான். ஒரு நாள் மழையின் கணக்கு இது. மூன்று நாள் விடாமற் பெய்தால் விடையை மாணவர்களே எழுதிக்கொள்ளலாம்.

இக்கணக்கை இயற்கை பலமுறை செய்து காட்டியிருக்கிறது. 1957ஆம் ஆண்டு டிசெம்பர் வெள்ளத்தைச் சிறு வயதிற் கண்ட முதியோர் இன்றும் அதனை அளவுகோலாக வைத்தே மற்ற வெள்ளங்களை மதிப்பிடுவர். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த வெள்ளத்தால் நாடு முழுவதிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிப்புற்றனர். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மட்டக்களப்பு முன்னின்றது. அந்நீர் முற்றாக வடியுமுன்னரே பெப்ரவரியில் மீண்டும் வெள்ளம் வந்தது. பெரும்போக வேளாண்மை கதிர் முற்றி அறுவடையை நோக்கி நிற்கும் காலம் அது. விதைப்புக்கு வாங்கிய கடன் முழுதும் தலைமேல் நிற்க, கதிர் முழுதும் நீருள் நின்றது. 2014 டிசெம்பரிலும், 2024 நவம்பரிலும் மீண்டும் வெள்ளம் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவ்வழிவு மலைநாட்டிலேயே மிகுதி. வெள்ளம் என்பது தலைமுறைக்கு ஒருமுறை வரும் விருந்தாளி என்று இனி எண்ணுதல் இயலாது.

இனி ஆற்றுவாய்க்கு வருவோம். வாய் ஏன் அடைகிறது? கோடையில் ஆறுகளின் ஓட்டம் தளர்கிறது. வாவி நீருக்கு மணலைத் தள்ளும் வலி இல்லை. கடலலையோ ஓயாமல் மணலைக் கரையோரமாக நகர்த்திக் கொண்டுவந்து வாயிற் குவிக்கிறது. சில மாதங்களில் மேடாகி, மனிதர் நடந்து செல்லும் மணற்கரையாகவும் ஆகிவிடுகிறது. இது இயற்கையின் ஒழுங்கு, எவருடைய குற்றமுமன்று. மாரியில் வாவி நிறைந்ததும் அம்மேட்டில் ஒடுக்கமான ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டாற் போதும். உயர்ந்து நிற்கும் வாவி நீர் தாழ்ந்த கடலை நோக்கிப் பாயும் வேகத்தில் மணலைத் தானே அரித்துக்கொண்டு வழியை அகலமாக்கிவிடும். முன்னாளில் மண்வெட்டியால் ஊர் கூடி வெட்டியதை இந்நாளில் இயந்திரம் வெட்டுகிறது. வெட்டுவது எளிது. எப்போது வெட்டுவது என்பதே அரிது.

படுவான்கரைக் கமக்காரன் விரைவில் வெட்டச் சொல்கிறான். நெற்பயிர் நீரில் மூழ்கினால் சில நாட்களே தாங்கும். ஒரு வாரம் கடந்தால் அழுகத் தொடங்கும். அவன் எண்ணுவது நாட்களை. வாவி மீனவருள் ஒரு சாரார் பொறுக்கச் சொல்கின்றனர். வாய் அகன்றால் நீர் விரைந்து இறங்கும். நீரோடு மீனும் போகும். வலைக்கு வேலை குறையும். வேறு சில மீனவரோ, வாய் திறந்தாற் கடலிலிருந்து இறாற்குஞ்சு உள்ளே வரும் என்று மகிழ்வர். எழுவான்கரையில் வாவியோரத் தாழ்நிலத்திற் குடியிருப்போர் வீட்டுப் படியில் நீர் ஏறும்போது வெட்டச் சொல்வர். கடலோரத்தில் முகத்துவாரத்துக்கு அருகே குடியிருப்போர், அரிக்கும் நீர் தம் காணியையும் தோணித்துறையையும் அரித்துவிடுமோ என்று அஞ்சுவர். இவர்களுட் பொய் சொல்வோர் எவருமில்லர். ஒவ்வொருவரும் தம் வாசலில் நின்று காண்பதையே சொல்கின்றனர்.

இங்கே மற்றோர் உண்மையையும் நினைவிற் கொள்ளவேண்டும். வாய் வெட்டுதல் எக்காலத்தும் பயன் தரும் மருந்தன்று. வாவியிற் போதிய நீர் உயரவில்லையெனில் ஓட்டம் வலிமையற்று, வெட்டிய வழி சில நாட்களில் மீண்டும் அடைபடும். மழைக்கு முன்பே வாவியை வடித்துவிட்டு, பின்னர் மழை பொய்த்துவிட்டாற் கடல்நீர் ஏறி, உவர் மேலே சென்று வயலையும் கிணற்றையும் தொடும். புயலாற் கடலே உயர்ந்து நிற்கும் வேளையில் வெட்டினால், தாழ்ந்த இடம் இல்லாத நீர் எங்கே போகும்? ஆதலின் ஆற்றுவாய் வெட்டுதற்குக் காலமும் அளவும் உண்டு. அவற்றைக் கூச்சலின் நடுவே குறித்தல் இயலாது. நீர் வருமுன், நிதானமாய் இருக்கும் காலத்திற் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நாம் புதிய முறை ஒன்றைத் தேடி அலையவேண்டியதில்லை. விதைப்புக்கு முன் குளத்தின்கீழுள்ள கமக்காரர் எல்லாரும் கூடி, எந்நாளில் துருசு திறப்பது, எந்நாளில் விதைப்பது, எந்நாளில் மாடுகளை வயலிலிருந்து அகற்றுவது என்று தீர்மானிக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் இத்தகைய பழைய ஊர்வழக்கங்களுக்கே சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. இன்றும் ஒவ்வொரு போகத்துக்கும் முன் அரசாங்க அதிபர் தலைமையிற் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடைபெறுகிறது. நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும், கமநலத் திணைக்களத்தாரும், வட்டைவிதானைமாரும், கமக்காரரும் அதில் அமர்கின்றனர். அந்தக் கூட்டத்திலே நீரைப் பெறுவது பற்றிப் பேசுவது போலவே நீரை விடுவது பற்றியும் பேசினால் என்ன?

எமது விண்ணப்பம் இதுவே. ஆவணி, புரட்டாசியில் நடைபெறும் பெரும்போகக் கூட்டத்தில் வாவி மீனவருக்கும், இரு கரைகளின் தாழ்நில ஊரவருக்கும் ஆசனம் அளிக்கப்பட வேண்டும். கல்லடிப் பாலம், மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம் போன்ற எல்லாரும் காணும் இடங்களில் நீர்மட்டக் குறிகள் வண்ணத்தால் எழுதப்பட வேண்டும். நீர் இன்ன குறியைத் தொட்டால் அதிகாரிகள் கூடுவர், இன்ன குறியைத் தொட்டால் வாய் வெட்டப்படும் என்று முன்கூட்டியே இணங்கிக்கொள்ள வேண்டும். அவ்விணக்கத்தை ஊரறிய வெளியிட வேண்டும். அப்போது மார்கழியில் எவரும் எவருடைய வாசலிலும் சென்று முறையிட வேண்டியதில்லை. பாலத்துத் தூணே நடுவராக நிற்கும். எக்குறி தக்கது என்பதைப் பொறியியலாளரும், வாவியோடு வளர்ந்த மீனவரும் சேர்ந்து சொல்லட்டும். இருவருள் ஒருவர் இல்லாத தீர்ப்பு அரைத்தீர்ப்பேயாகும்.

எனினும் வாய் மட்டும் திருந்தினாற் போதாது, தலையும் திருந்தவேண்டும். தலை என்று நாம் சொல்வது மேற்கேயுள்ள குளங்களை. குளத்தைக் காப்போருக்கு மாரியிலே ஒரு தருமசங்கடம் உண்டு. குளம் நிரம்பி நின்றாற் சிறுபோகத்துக்கு நீர் உறுதி. ஆனால் நிரம்பிய குளத்தில் அடுத்த மழையை ஏற்க இடமில்லை. நீரை முன்பே விட்டாலோ, பின்னர் மழை வராவிடில் பழி வரும். ஆதலால் இறுதிக்கணம்வரை பொறுத்திருந்து, குளக்கட்டுக்கு ஆபத்து என்ற நிலையில் வான்கதவுகளை ஒரேயடியாகத் திறக்க நேர்கிறது. கீழேயுள்ள ஊர்கள் முன்பே மழைநீரில் நிற்க, அதன்மேல் குளத்து நீரும் வந்து சேர்கிறது.

இதன் விளைவைத் தமிழ்நாட்டுத் தலைநகர் 2015ஆம் ஆண்டிற் கண்டது. நவம்பர் முழுதும் பெய்த மழையாற் சென்னையைச் சூழ்ந்த ஏரிகள் நிரம்பி நின்றன. டிசெம்பர் முதலாந் தேதி மீண்டும் பெருமழை கொட்டியபோது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து செக்கனுக்கு 29,000 கன அடி என்ற அளவுவரை நீர் திறந்துவிட நேர்ந்தது. அந்நீர் அடையாற்றின் இருமருங்கிலும் உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புக்களுக்குள் நுழைந்தது. அவ்வாண்டு மாரியிற் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பின்னர் இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை, இது மனிதர் செயலால் விளைந்த அழிவு என்றே குறை கூறியது. ஏரி சிறிது முன்னரே சிறிது சிறிதாக இறக்கப்பட்டிருந்தால் என்ற கேள்வி இன்றுவரை அந்நகரத்தை விட்டு அகலவில்லை.

நம் குளங்கள் செம்பரம்பாக்கமல்ல. நம் ஊர்கள் சென்னையுமல்ல. ஆயினும் நியதி ஒன்றே. கார்த்திகை, மார்கழியிற் குளத்தின் மேற்பகுதியிற் சில அடிகளை வெள்ளத்துக்கென வெறுமையாக வைத்திருத்தல், வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவித்தல் கிடைத்ததும் பல நாட்களாகச் சிறிது சிறிதாக நீரை விடுதல், கதவு திறப்பதைப் பல மணி நேரத்துக்கு முன்பே கோயிலின் ஒலிபெருக்கியாலும் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியாலும் கைத்தொலைபேசியாலும் கீழூர்களுக்கு அறிவித்தல் என்ற மூன்றும் முறையாக நடந்தால் நம் துன்பத்திற் பெரும்பகுதி குறையும். உறுகாமம், கித்துள் குளங்களை இணைத்துப் பெரிதாக்கும் யோசனையும் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. பெருங்குளம் வந்தால் நன்மையுண்டு. ஆனால் பெருங்குளமும் ஒருநாள் நிரம்பும் என்பதை நினைவில் வைத்தே அதனைக் கட்டவேண்டும்.

தலைக்கும் வாய்க்கும் நடுவே உடல் ஒன்று உண்டன்றோ? அதுவே தாழ்நிலம். முன்னோர் மேட்டில் வீடு கட்டி, பள்ளத்தில் வயல் செய்து, அதனினும் பள்ளத்தை வில்லாகவும் கண்டற்காடாகவும் விட்டுவைத்தனர். அது சோம்பலன்று, வெள்ளத்துக்கு அவர்கள் வைத்த பங்கு. இன்று அப்பங்கின்மீது கிரவல் கொட்டி மதில் எழுப்புகிறோம். வீதியை உயர்த்துகிறோம், மதகை அகலமாக்க மறக்கிறோம். உயர்ந்த வீதி குளக்கட்டுப்போல் நின்று ஒரு பக்கத்து நீரை மறிக்கிறது. வாய்க்காலிற் பிளாஸ்திக் பையும், பாலத்தடியில் ஆற்றுவாழையும் அடைந்து நிற்கின்றன. ஒவ்வொருவரும் தம் காணியை மட்டும் அரையடி உயர்த்திக்கொள்கின்றனர். அவர் காணியில் நிற்க இடமில்லாத நீர் அயலார் அடுப்படிக்குப் போகிறது. வெள்ளம் பெருகாமலே வெள்ளத்தின் துன்பம் பெருகும் இரகசியம் இதுதான்.

இவ்விடத்தில் நமது பழைய ஆட்சியாளர் ஒருவரின் அனுபவத்தைக் கூறுதல் பொருந்தும். போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கட்டிய கோட்டையை 1638இற் கைப்பற்றிய ஒல்லாந்தர், நீரோடு போராடுவதில் உலகப் புகழ் பெற்றவர். அவர்தம் நாட்டில் 1953ஆம் ஆண்டு கடல் அணைகளை உடைத்து 1,836 உயிர்களைக் கொண்டது. அதன்பின் அவர்கள் அணைகளை மேலும் மேலும் உயர்த்தினர். ஆயினும் 1993இலும் 1995இலும் ஆறுகள் பெருகி, 1995இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் வீடு விட்டு வெளியேற நேர்ந்தது. அப்போது அவர்கள் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டனர். அணையை உயர்த்துவதை விட்டு, முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் அணையைப் பின்னுக்கு நகர்த்தியும் கரையோர நிலத்தைத் தாழ்த்தியும் ஆற்றுக்கு இடம் கொடுத்தனர். அணை கட்டுவதிற் கைதேர்ந்தவரே இடம் விடுவதே அறிவு என்று கண்டனர். நாமோ நம் முன்னோர் விட்டுவைத்த இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். எஞ்சியுள்ள வில்லுக்களையும் கண்டல்களையும் காப்பதும், நிலம் நிரப்ப அனுமதி கொடுக்குமுன் நீர் போகும் வழியைக் கேட்பதும் பிரதேச சபைகளின் கடமை. அவ்வாறு கேட்கும்படி அவற்றைத் தூண்டுவது வாக்காளராகிய நமது கடமை.

அரசினர் செய்யவேண்டியன இவை. குடும்பங்கள் செய்யவேண்டியன சில உண்டு. அவற்றுள் தலையாயது, ஓடும் நீரை மதித்தல். கிரான் – புலிபாய்ந்தகல் வீதியும், கிட்டங்கித் தாம்போதியும் மாரிதோறும் நீருள் மறைவதை அறிவோம். முழங்காலளவு நீர்தானே என்று இறங்குவோரை ஓட்டத்தின் வேகம் சாய்த்துவிடும். இரண்டடி ஓடும் நீர் மோட்டார் வாகனத்தையும் மிதக்கச் செய்யும். 2024 நவம்பர் 26ஆம் தேதி அம்பாறை மாவட்டத்தில், காரைதீவுக்கு அண்மையிலுள்ள மாவடிப்பள்ளியில், நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டது. அம்மாணவருட் பலர் மீண்டு வரவில்லை. விடுமுறை கிடைத்த மகிழ்ச்சியோடு தாயைக் காணப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அத்துயரத்தை எழுதுகையிற் கை தளர்கிறது. பெற்றோரே, ஆசிரியரே, வாகனம் ஓட்டுவோரே! நீர் மூடிய தாம்போதியைக் கண்டால் நின்றுவிடுங்கள். ஒரு நாள் தாமதித்து வருவதனால் எப்பிள்ளைக்கும் குறைவில்லை.

மற்றவை சிறியன, ஆயினும் மறக்கலாகாதன. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ் ஆகியவற்றை நீர் புகாத பையிலிட்டு உயரத்தில் வைத்தல் வேண்டும். விதைநெல்லை நிலத்தில் வைத்தலாகாது. படுவான்கரையார் மாடுகளைச் சாய்த்துச் செல்லும் மேட்டை முன்பே குறித்துக்கொள்ளுதல் நன்று. ஆபத்து வேளையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கலாம் என்பதைப் பிள்ளைகளும் மனனம் செய்யட்டும். வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரின் இட்ட பின்னரே பயன்படுத்துக. அதுவரை கொதித்தாறிய நீரையே பருகுக. சேற்று வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மருந்து பெறுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டறிக.

மாணவருக்கு ஒரு வேலை சொல்வோம். பக்கம் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள தகரக் குவளை ஒன்றை மரநிழல் படாத வெளியில் வையுங்கள். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதில் நிற்கும் நீரை அளவுகோலால் மில்லிமீற்றரில் அளந்து, குறிப்பேட்டில் எழுதி, குவளையைக் கவிழ்த்து மீண்டும் வையுங்கள். அதன் பக்கத்திலே, அண்மையிலுள்ள பாலத்துத் தூணில் நீர் எம்மட்டில் நின்றது என்பதையும் எழுதுங்கள். பாலத்துக்குப் பெரியவர் ஒருவரோடு செல்லுங்கள். ஒரு மாரி முழுதும் எழுதிய மாணவன், எத்தனை மில்லிமீற்றர் மழைக்குப் பின் எத்தனை நாளில் வாவி தன் ஊரின் படியைத் தொடும் என்பதைத் தானே சொல்வான். வீட்டிலுள்ள பாட்டனாரைக் கேட்டு, ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் எந்தச் சுவர்வரை வந்தது, 2011இல் எதுவரை வந்தது என்றும் குறித்துக்கொள்க. பத்து ஊர்களின் மாணவர் இவ்வாறு எழுதிய குறிப்பேடுகள் ஓர் ஆரம்பக் கூட்டத்தின் மேசைமீது வைக்கப்படுமானால், அங்கே கூச்சலுக்கு இடமிராது.

2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்குச் செல்லும் எழுவான்கரை அடியார்கள் அத்துறையிற் பாதையேறியே வாவியைக் கடந்தனர். இன்று பாலத்தால் அக்கரை சில நிமிட நேரத் தொலைவாகிவிட்டது. கால்கள் எளிதிற் கடப்பதை மனமும் கடக்கவேண்டும். படுவான்கரையில் மூழ்கும் கதிர் எழுவான்கரையார் உண்ணும் சோறு. எழுவான்கரையில் நனையும் வீடு படுவான்கரையார் பெண் கொடுத்த வீடு. ஆதலால் வானம் வெளுத்திருக்கும் ஆவணியிலேயே கமக்காரரும் மீனவரும், தமிழரும் முஸ்லிம்களும், அதிகாரிகளும் ஊரவரும் ஒரே பாயில் அமர்ந்து பேசி முடிக்கட்டும். ஆற்றுவாய் திறக்கும் நாள் வருமுன்னர் ஊர்வாய் ஒன்றாகிவிட வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.